மஞ்சப்பைக்குள்ள ஒரு மெடிக்கல் ரெக்கார்டு

யூபிஐ எப்படி வேலை செய்யுதுன்னு இந்த வாரம் பேசறதா சொல்லியிருந்தேன். அதைத் தள்ளி வெச்சிருக்கேன். நடுவுல ஏன் எபிசோடே வரலைன்னு கேட்டு நிறைய பேர் மெசேஜ் பண்ணியிருந்தீங்க. ஆஸ்பத்திரில இருந்தேன். எனக்கு ஒண்ணுமில்ல, எங்க அப்பத்தாவுக்கு.

எங்க ஊர் சோழவந்தான். மதுரைக்கு வடமேற்கே, வைகைக் கரையில இருக்கு. வெத்தலைக்குப் பேர் போன ஊரு, 2023-ல புவிசார் குறியீடு கூட வாங்கியாச்சு. அப்பத்தா பாதி ஆயுசைக் கொடிக்கால்லதான் கழிச்சுச்சு. வெத்தலை கிள்ளும், கவுளி கட்டும், விடிகாலைலயே எந்திரிச்சு உக்காந்துரும். இப்ப வேலைக்குப் போறதில்ல. ஆனா எந்திரிக்கற பழக்கம் போகல.

ஜெனகை மாரியம்மன் கோயில் வைகாசித் திருவிழாவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். ஒருநாள் காலைல ஆறு மணி இருக்கும். திண்ணைல உக்காந்திருந்த அப்பத்தா என்னைக் கூப்பிட்டுச்சு. பேரு சரியா வரல, குழறுச்சு. போய்ப் பார்த்தா வாய் ஒரு பக்கமா இழுத்திருக்கு. வலது கைல இருந்த டம்ளர் நழுவி விழுந்து உருண்டு போகுது, அதை அப்பத்தா திரும்பிக்கூட பார்க்கல.

சித்தி எலுமிச்சம்பழச் சாறு எடுத்துட்டு ஓடி வந்தாங்க. நல்லவேளை குடிக்க வைக்கல. பக்கவாதம் மாதிரி தெரிஞ்சா வாயில எதுவும் கொடுக்கக் கூடாது, முழுங்க முடியாம புரையேறி நுரையீரலுக்குள்ள போயிடும். இது எனக்கே அன்னைக்கு அப்புறம்தான் தெரியும்.

108-க்கு போன் பண்ணேன். ஒரு சின்ன விஷயம் சொல்லணும். நாம கூப்பிட்டா போனை எடுக்கறவங்க வேற எங்கயோ உக்காந்திருப்பாங்க. அவங்களுக்கு நம்ம தெருமுக்குப் பிள்ளையார் கோயில் தெரியாது. முதல்ல மாவட்டம், அப்புறம் தாலுகா, அப்புறம் ஊர்னு கேப்பாங்க. 'தாலுகா எது'ன்னு கேட்டதும் நான் முழிச்சேன். பொறந்து வளர்ந்த ஊரு, தாலுகா தெரியல! அப்பா பக்கத்துல இருந்து 'வாடிப்பட்டிடா'ன்னு கத்தினார். உங்க அம்மா அப்பா இருக்கற ஊரோட தாலுகா எதுன்னு இப்பவே ஒருதடவை கேட்டு வெச்சுக்கங்க.

வண்டி வந்துச்சு. அப்பத்தாவைப் படுக்க வெச்சு மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. கோரிப்பாளையத்துல இருக்கற அரசு ராஜாஜி மருத்துவமனைதான் அது. எங்க பக்கம் யாரும் முழுப் பேர் சொல்றதில்ல. ரொம்ப வயசானவங்க இன்னும் எர்ஸ்கின் ஆஸ்பத்திரின்னுதான் சொல்லுவாங்க, வெள்ளைக்காரன் காலத்து கவர்னர் பேரு. தேனி, ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்னு சுத்துப்பட்டு மாவட்டம் எல்லாம் கடைசில வந்து சேர்ற இடம்.

எமர்ஜென்சில ஒரு டாக்டர் வந்தாங்க. என் வயசுதான் இருக்கும். அப்பத்தாவோட கையைத் தூக்கச் சொன்னாங்க, சிரிக்கச் சொன்னாங்க. அப்படியே எங்க பக்கம் திரும்பி ரெண்டே ரெண்டு கேள்வி கேட்டாங்க.

'கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாங்க?'

'என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்க?'

அப்பா சொன்னார், 'காலைலதான் டாக்டர்.' சித்தி சொன்னாங்க, 'நேத்து ராத்திரி சாப்பிடும்போது நல்லாத்தான் இருந்துச்சு.' நான் சொன்னேன், 'ஆறு மணிக்கு நான் பார்த்தேன்.' மூணு பேர், மூணு பதில். டாக்டருக்குத் தேவையான பதில் எங்க யார்கிட்டயும் இல்ல. ஆறு மணிக்குப் பார்த்தப்ப ஏற்கெனவே வந்திருந்துச்சு. அது எப்ப ஆரம்பிச்சது?

மாத்திரை? 'சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, அப்புறம் ஒண்ணு பாதியா உடைச்சுப் போடும், சின்ன மாத்திரை'ன்னார் அப்பா. அது என்ன மாத்திரை? தெரியல. சீட்டு எங்க? மஞ்சப்பைல. மஞ்சப்பை எங்க? வீட்ல, கதவுக்குப் பின்னாடி ஆணில தொங்குது.

அந்தப் பையை நீங்களும் பார்த்திருப்பீங்க. ஏதோ கல்யாணத்துல தேங்காய் பழம் போட்டுக் கொடுத்த பை. அதுக்குள்ள பத்து வருசத்து ஓ.பி. சீட்டு, ஈசிஜி, எக்ஸ்ரே, காலி மாத்திரை அட்டை, இன்சூரன்ஸ் கார்டு, ரேஷன் கார்டு ஜெராக்ஸ், எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணா கிடக்கும். அதைத்தான் விட்டுட்டு வந்திருக்கோம். தண்ணி பாட்டில் எடுத்துட்டு வந்திருக்கோம், போர்வை எடுத்துட்டு வந்திருக்கோம். போன் சார்ஜர் எடுத்துட்டு வந்திருக்கேன் நான்!

பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் போட்டேன். அவங்ககிட்ட இருந்தது பட்டன் போன், போட்டோ அனுப்ப முடியாது. அவங்க பொண்ணு ஆறாவது படிக்கறா. அவ பையைக் கொட்டி, மேல இருந்த சீட்டை எடுத்து, ஒவ்வொரு எழுத்தா படிச்சா. டாக்டர் எழுத்து, அதுவும் இங்கிலீஷ். நான் ஸ்பீக்கர்ல போட்டேன். 'டபிள்யூ... ஏ... ஆர்... எஃப்...'

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாங்க. 'வார்ஃபரின். போதும்மா.'

போனை வைக்கறதுக்கு முன்னாடி அந்த அக்கா கேட்டாங்க, 'தம்பி, அப்பத்தாவுக்கு என்ன? அஞ்சேகாலுக்குப் பால் வாங்கும்போது எங்கூட நல்லாத்தானே பேசுச்சு.'

ரெண்டாவது கேள்விக்கு வீட்டுக்குப் போன் பண்ணப் போய், முதல் கேள்விக்கும் பதில் கிடைச்சுச்சு.

இந்த ரெண்டும் ஏன் அவ்வளவு முக்கியம்னு அன்னைக்கு ராத்திரி அந்த டாக்டரே எனக்கு விளக்கினாங்க. மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல கட்டி அடைச்சு வர்ற பக்கவாதம்னா, அதைக் கரைக்க ஒரு ஊசி இருக்கு. ஆரம்பிச்சதுல இருந்து 4.5 மணி நேரத்துக்குள்ள போடணும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 'ராத்திரி சாப்பிட்டப்ப நல்லா இருந்தாங்க'ன்றதை மட்டும் கணக்குல எடுத்தா அந்த நேரம் முடிஞ்சு போச்சு. 'அஞ்சேகாலுக்கு நல்லா இருந்தாங்க'ன்னா இன்னும் நேரம் இருக்கு. பால் வாங்கின நேரம் ஒரு மருத்துவத் தகவல் ஆகும்னு நான் நினைச்சே பார்த்ததில்ல.

வார்ஃபரின் கதை வேற. அது ரத்தம் சீக்கிரம் உறையாம இருக்கக் கொடுக்கற மாத்திரை. அப்பத்தாவுக்கு இதயத் துடிப்பு சீரா இல்லன்னு அதைக் கொடுத்திருக்காங்க. ரத்தம் எவ்வளவு நேரத்துல உறையுதுன்னு பார்க்க ஐஎன்ஆர்னு ஒரு டெஸ்ட் இருக்கு. நமக்கெல்லாம் 1 பக்கத்துல இருக்கும், இந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்குப் பெரும்பாலும் 2-ல இருந்து 3-க்குள்ள வெச்சிருப்பாங்க. 1.7-க்கு மேல இருந்தா பொதுவா அந்தக் கரைக்கற ஊசியைப் போடமாட்டாங்க, மூளைக்குள்ளயே ரத்தம் கசிய வாய்ப்பு இருக்கு. இப்ப இதைக் கவனிங்க. உறையாமைக்கு மாத்திரை சாப்பிடறதா எந்தச் சந்தேகமும் இல்லாத ஆளா இருந்தா, அந்த டெஸ்ட் ரிசல்ட்டுக்காக ஊசியைத் தாமதிக்க வேண்டாம்னுதான் சர்வதேச வழிகாட்டுதல் சொல்லுது. ஏன்னா ஒவ்வொரு நிமிஷமும் மூளை செல்கள் செத்துக்கிட்டே இருக்கு. நாங்க 'சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை'யோட நிறுத்தியிருந்தா?

ஸ்கேன்ல ரத்தக்கசிவு இல்ல, அடைப்புதான். ஐஎன்ஆர் ரெண்டுக்கு மேல. ஊசி போடல. வேற வழில வைத்தியம் பார்த்தாங்க.

நான் பேக்எண்ட் எஞ்சினியர். வார்டு வராண்டாவுல உக்காந்து யோசிச்சப்ப எனக்குப் புரிஞ்சது என் பாஷைல சொல்றேன். நம்ம ஊர்ல ஆஸ்பத்திரிங்கறது பெரும்பாலும் ஒரு ஸ்டேட்லெஸ் சர்வர். நீங்க போன தடவை வந்தது அதுக்கு ஞாபகம் இருக்காது. ஊர் ஆஸ்பத்திரில பார்த்தது மதுரைக்குத் தெரியாது, தனியார் கிளினிக்ல பார்த்தது ரெண்டுக்குமே தெரியாது. மொத்த ஞாபகமும் க்ளையண்ட் கைல இருக்கு. அந்த குக்கீதான் மஞ்சப்பை. குக்கீயை க்ளியர் பண்ணிட்டுப் போனா, சர்வர் 'நீங்க யாரு'ன்னுதான் கேக்கும். சர்வர் மேல தப்பு சொல்ல முடியாது.

'அதுக்குத்தான் இப்ப ஆபா வந்திருக்கேடா'ன்னு ஆபீஸ்ல ஒருத்தன் சொன்னான். வந்திருக்கு. 14 இலக்க நம்பர், தேசிய அளவுல 2021 செப்டம்பர்ல தொடங்கின டிஜிட்டல் ஹெல்த் மிஷன்ல ஒரு பகுதி. பல அரசு ஆஸ்பத்திரிகள்ல ஓ.பி. கவுண்டர் பக்கத்துல க்யூஆர் கோட் ஒட்டியிருக்கும், ஸ்கேன் பண்ணா வரிசைல நிக்காம டோக்கன் வரும். நல்ல விஷயம், எடுத்து வைங்க. நானும் அப்பத்தாவுக்கு எடுத்தேன். ஆனா அதுல ஏறினது மட்டும்தான் அதுல இருக்கும். பழைய பத்து வருசம் அதுக்குள்ள இல்ல. அதோட, அப்பத்தாவோட ஆதார்ல இருக்கறது திருப்பூர்ல இருக்கற சித்தப்பா போன் நம்பர். ஓடிபி அங்க போகும், அவர் ஷிப்ட்ல இருந்தா போனை எடுக்க மாட்டார். அவர் டீ குடிக்க வெளிய வர்ற வரைக்கும் நான் ஓடிபிக்காக உக்காந்திருந்தேன். புராடக்ட் டிசைன் பண்றவங்க யாராவது இதைக் கேட்டா, ஒரு குடும்பத்துக்கு ஒரு போன் இல்ல, ஒரு போனுக்குப் பல குடும்பம்ங்கறதை எழுதி வெச்சுக்கங்க.

வார்டுல பக்கத்துக் கட்டில்காரரோட சம்சாரம் உசிலம்பட்டிக்காரங்க. வீட்டுக்காரரோட அஞ்சாவது தடவை வந்திருக்காங்களாம். எங்களுக்கு அவங்கதான் ஹெல்ப் டெஸ்க். எந்த வாசல்ல போனா ஸ்கேனுக்குக் கிட்ட, எந்த நேரத்துல ரவுண்ட்ஸ், எப்ப கேட்டா டாக்டர் நின்னு பதில் சொல்லுவாங்க, எல்லாம் அத்துப்படி. நான் அப்பத்தாவோட சீட்டையெல்லாம் லேமினேட் பண்ணலாம்னு இருக்கேன்னு சொன்னதும் ஒரு பார்வை பார்த்தாங்க. 'ஏப்பு, லேமினேசன் பண்ணா டாக்டரு எங்க எழுதுவாரு?'

(சிரிப்பு)

எழுத இடம் இருக்கறதுதான் சீட்டு. ஈசிஜியை லேமினேட் பண்ணவே கூடாது. நிறைய இடத்துல அது தெர்மல் பேப்பர், நம்ம சூப்பர் மார்க்கெட் பில் மாதிரி. சூடு பட்டா கருத்துப் போயிடும். சும்மா வெச்சிருந்தாலே ரெண்டு மூணு வருசத்துல மங்கிடும். எங்க பைல இருந்த பழைய ஈசிஜில கட்டம் மட்டும்தான் இருந்துச்சு, கோடு போயிருந்துச்சு. வாங்கின அன்னைக்கே போட்டோ, இல்லன்னா ஜெராக்ஸ் எடுத்திருங்க.

அந்த அம்மா எல்லாருக்கும் கிடைக்கமாட்டாங்க இல்லையா. அதனால நம்பர்கள். 104-க்குப் போன் பண்ணா எந்த நேரத்துலயும் மருத்துவ ஆலோசனை கேக்கலாம், அரசு ஆஸ்பத்திரிகளைப் பத்தின புகாரும் சொல்லலாம். தமிழ்நாட்டுல 2013 கடைசில இருந்து இருக்கு, ஆனா என் ஃப்ரெண்ட்ஸ்ல பாதிப் பேருக்குத் தெரியல. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு 1800 425 3993. குடும்பத்துக்கு வருசத்துக்கு 5 லட்சம் வரைக்கும். குடும்ப வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும், வி.ஏ.ஓ. கிட்ட சான்று வாங்கணும். 'அரசு ஆஸ்பத்திரிலதான் எல்லாம் இலவசமாச்சே, கார்டு எதுக்கு'ன்னு அப்பா கேட்டார். பெரிய ஆபரேஷன், சில ஸ்டென்ட், இம்பிளான்ட் மாதிரி விஷயங்களுக்கு அரசு ஆஸ்பத்திரியும் அந்தத் திட்டத்துல இருந்துதான் பணம் எடுக்குது. கார்டு பைல இருக்கட்டும்.

இப்ப டிஸ்சார்ஜ். இதுல கொஞ்சம் நிறுத்தி நிதானமா பேசணும். டிஸ்சார்ஜ் அன்னைக்கு எல்லாருக்கும் வீட்டுக்குப் போற அவசரம். சித்தி சாமானைக் கட்டிட்டாங்க, அப்பா ஆட்டோ பேசப் போயிட்டார். ரெண்டு பக்கத் தாள் ஒண்ணு கைக்கு வருது. மடிச்சுப் பைல போட்டுட்டுக் கிளம்பிடுவோம். அப்பத்தா அதைப் படிக்க முடியாது. அப்பா தமிழ்ல எதையும் படிப்பார், இது இங்கிலீஷ். மூணு வருசத்துக்கு முன்னாடி வார்ஃபரின் எழுதிக் கொடுத்தப்பவும் இப்படித்தான் ஒரு தாள் பைக்குள்ள போயிருக்கு. நான் அப்ப சென்னைல இருந்தேன். வீடியோ கால்ல 'என்னாச்சு'ன்னு கேட்டேன், 'ஒண்ணுமில்லப்பா, மாத்திரை கொடுத்திருக்காங்க'ன்னாங்க. சரின்னு வெச்சுட்டேன். 'அந்தத் தாளைக் காட்டுங்க'ன்னு ஒரு வார்த்தை நான் கேக்கல.

இந்தத் தடவை நான் வாங்கி, நின்னு, முழுசா படிச்சேன். புரியாததை சிஸ்டர்கிட்ட கேட்டேன். ஓடின்னா நாளைக்கு ஒரு வேளை. பிடின்னா ரெண்டு வேளை. டிடிஎஸ்னா மூணு வேளை. ஹெச்எஸ்னா படுக்கப் போகும்போது. எஸ்ஓஎஸ்னா தேவைப்பட்டா மட்டும். 1-0-1னா காலைல ஒண்ணு, மத்தியானம் இல்ல, ராத்திரி ஒண்ணு. நாம ஏபிஐ டாக்குமெண்டேஷன் நூறு பக்கம் படிக்கற ஆளுங்க. இது அஞ்சு நிமிஷம்.

அங்க டாக்டர்கிட்ட கேட்டதுலதான் கீரை விஷயம் வெளிய வந்துச்சு. வார்ஃபரின் சாப்பிடறவங்க கீரையே தொடக் கூடாதுன்னு யாரோ சொல்ல, அப்பத்தா ஒரு வருசமா முருங்கைக்கீரையை விட்டுருச்சாம். அப்புறம் ஆசை தாங்காம ஒரு வாரம் தினமும் சாப்பிட்டிருக்கு. கீரைல இருக்கற வைட்டமின் கே அந்த மாத்திரையோட வேலையைக் குறைக்கும். அதனால அளவு மாறி மாறிப் போறதுதான் பிரச்சினை, எப்பவும் ஒரே மாதிரி கொஞ்சமா சாப்பிட்டா அதுக்கேத்த மாதிரி மாத்திரை அளவை டாக்டர் வெச்சுக்குவாங்க. இன்னொண்ணு, முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்ல தானா போய் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கு. வலி மாத்திரைகள்ல பலது இந்த மாத்திரையோட சேர்ந்தா ரத்தக்கசிவு வர்ற ஆபத்து கூடும். அப்பத்தாகிட்ட 'ஏன் சொல்லல'ன்னு கேட்டா, குழறின வாயோட சொல்லுச்சு, 'வலி மாத்திரை ஒரு மாத்திரையாடா?'

உரிமைன்னு ஒரு பக்கமும் இருக்கு. இந்திய மருத்துவக் கவுன்சிலோட 2002 நடத்தை விதிகள்படி, நோயாளியோ அவர் சார்பா வர்றவங்களோ மெடிக்கல் ரெக்கார்டு கேட்டா, 72 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும். உள்நோயாளி ரெக்கார்டை 3 வருசமாவது பத்திரமா வெச்சிருக்கணும். மருந்துப் பேரைப் படிக்கற மாதிரி, மூலப்பேர்ல எழுதணும்னும் அதுல இருக்கு. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல தயாரிச்ச நோயாளி உரிமைப் பட்டியல்ல மொத்தம் 17 உரிமைகள் இருக்கு, முதல் உரிமையே தகவல் பெறறதுதான். தொலைஞ்சு போன சீட்டுக்காக பழைய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தா சும்மா 'பேப்பர் வேணும்'னு கேக்காதீங்க. ஐ.பி. நம்பர், சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் தேதி, இதோட ஒரு மனு எழுதி மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவுல கொடுங்க. நம்பர் இருந்தா தேடறவங்களுக்கும் சுலபம். அங்க வேலை பார்க்கறவங்க முன்னாடி ரேக் ரேக்கா ஃபைல் இருக்கு.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வேலை செஞ்சேன். ஆப் எதுவும் எழுதல, அந்த ஆசை ஒரு நாள் இருந்துச்சு, போயிடுச்சு. மஞ்சப்பையைப் பாய்ல கொட்டி, தேதி வாரியா அடுக்கினேன். ஒரே ஒரு ஏ4 தாள் எழுதினேன். மேல பேரு, வயசு, ரத்த வகை, ரெண்டு போன் நம்பர். என்னென்ன வியாதி, எந்த வருசத்துல இருந்து. மாத்திரைப் பேர் இங்கிலீஷ்ல பெரிய எழுத்துல, கம்பெனிப் பேர் போடாம மூலப்பேர், மில்லிகிராம், பக்கத்துலயே எதுக்கு, எப்பன்னு தமிழ்ல. வார்ஃபரினுக்கு மட்டும் சிவப்பு மையில கட்டம் போட்டேன். கடைசி ஐஎன்ஆர், தேதியோட. ஒத்துக்காத மருந்து இருக்கான்னு ஒரு வரி. ஆபரேஷன் நடந்திருந்தா ஒரு வரி. அடில, எழுதின தேதி. தேதி இல்லாத தாளை நம்ப முடியாது, மாத்திரை மாறியிருக்கலாம். இதை எழுதி முடிச்சு, மாத்திரை கொண்டு வந்து பிரஷர் பார்க்கற மக்களைத் தேடி மருத்துவம் அக்காகிட்ட காட்டினேன். அவங்க ஒரு தப்பு கண்டுபிடிச்சாங்க. பிரஷர் மாத்திரை அளவைப் போன மாசம் மாத்தியிருக்காங்க, நான் பழைய சீட்டைப் பார்த்து எழுதியிருக்கேன். திருத்தினேன்.

மூணு ஜெராக்ஸ். ஒண்ணு பைல, ஒண்ணு கதவுக்குப் பின்னாடி ஒட்டியாச்சு, ஒண்ணு பக்கத்து வீட்டு அக்கா வீட்ல. போட்டோ எல்லார் போன்லயும் இருக்கு.

அப்பத்தா இப்ப நடக்குது, குச்சி பிடிச்சு. வலது கை இன்னும் முழுசா வரல. இடது கையால வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவப் பழகிக்கிட்டு இருக்கு, பாதி விரல்ல போகுது. தாளை அதுக்குப் படிச்சுக் காட்டினேன். எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரு திருத்தம் சொல்லுச்சு. வெத்தலை போடும், ஆனா பொகையில போடாதுன்னு எழுதணுமாம். டாக்டரம்மா அதைக் கேட்டப்ப வாய் குழறுனதால பதில் சொல்ல முடியலைன்னு அதுக்கு ஒரே குறை. எழுதிட்டேன்.

இந்தச் சனிக்கிழமை மறுபடி ஊருக்குப் போறேன். தெருவுல மூணு பேர் அவங்க பையை எடுத்து வெச்சிருக்காங்களாம். ஒருத்தர் கிட்ட பை இல்ல, செருப்பு டப்பா.

யூபிஐ அடுத்த வாரம். வர்றேன் மக்களே.